சறோ கண்ட ஈப்பிடிப்பான்

மார்ச் 8, ஞாயிறு

வெப்பநிலை மறை 6. மத்தியானம் வந்து இறங்கினோம். வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி. பக்கத்து வீட்டுக்காரன் தன் பக்கத்தை மட்டும் வழித்து, குவியலை என் பக்கம் தள்ளியிருக்கிறான். வசந்தம் வரட்டும், பார்த்துக்கொள்கிறேன். இன்றைக்கென்று பார்த்து நேரத்தையும் ஒரு மணித்தியாலம் முன்னால் மாற்றியிருக்கிறார்கள். விமானத்தில் போன தூக்கம் போதாதென்று இதுவும்.

செய்ய வேண்டியவை:
– பனி வழிக்க
– சப்பாத்து இரண்டு சோடியும் ஹீற்றருக்குப் பக்கத்தில் (கோஸ்ரா ரிக்காச் சேறு இன்னும் காயவில்லை)
– மீன் வைக்கிற குளிர் அறை மெசின் பார்க்க ஆள், நாளைக் காலை
– ரோல்ஸ் சொல்ல. சனிக்கிழமைக்கு நாற்பது. ஆட்டிறைச்சி.

ரோல்ஸ் எதற்கென்று எழுதத்தான் வேண்டும். வெளியில் எப்படியோ, இந்தக் கொப்பியில் பொய் எழுதுவதில்லை.

எட்டு நாள் கோஸ்ரா ரிக்கா மழைக்காட்டில் நின்றேன். அரச ஈப்பிடிப்பானைக் காணவில்லை.

மண்ணிறக் குருவி. ஓடைக்கு மேலே, இருட்டுக் கொப்பில், சருகோடு சருகாக இருக்கும். சத்தமும் குறைவு. தலையில் ஒரு கொண்டை, எப்போதும் மடித்தே வைத்திருக்கும். அதை விரித்தால் விசிறி. விரிப்பது எப்போதாவது. குருவி பார்க்கிற எங்கள் குழு ஏழு பேரில் கண்டவர் ஒருவரும் இல்லை. பாலன் இரண்டு முறை போய் வெறுங்கையோடு வந்தான். வீடு விற்கிறவன், வாய் கொழுப்பு, ஆனால் அந்த இரண்டு முறையும் "காணேல்லை" என்றுதான் சொன்னான்.

காட்டுக்குள் காற்றே ஈரம். தொலைநோக்கிக் கண்ணாடியில் துடைக்கத் துடைக்க ஆவிப் புகார் பிடிக்கும். சட்டை காலையில் போட்டால் பத்து நிமிடத்தில் பிழியலாம். வழிகாட்டி எட்டு நாளும் ஒரே பாட்டு: "இங்கேதான் இருக்கிறது." நானும் அப்படித்தான் சொல்லிப் பழைய மீனை விற்றிருக்கிறேன். ஆளை எனக்குத் தெரிந்துவிட்டது.

வரும்போது விமான நிலைய வரிசையில், இடுப்புப்பட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தொலைபேசிக் குழுவில் பாலனின் குரல்பதிவு: "தவம் அண்ணை, என்ன மாதிரி? ஈயாவது பிடிச்சனீங்களோ?" அதற்குக் கீழே மற்ற ஐந்து பேரின் சிரிப்பு.

"கண்டாச்சு" என்று அடித்தேன். ஒரு சொல். சனிக்கிழமை ரோல்ஸ் அதற்குத்தான். பெல்ட்டைத் தட்டில் போட்டேன்.

என் மனுசி சறோ பக்கத்தில்தான் நின்றாள். கவனிக்கவில்லை. விமானத்தில் முழு நேரமும் யன்னலைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பு. வீட்டுக்குப் போகிற சந்தோசம் என்று நினைத்தேன்.

மார்ச் 9, திங்கள்

மறை 2. பனி உருகிச் சேறு. மெசின் சரி.

விளைமீன் வந்தது. பெட்டியில் மேல் வரிசை நல்லது, கீழ் வரிசை பழசு. கண் பார்த்தேன். செவுள் தூக்கிப் பார்த்தேன். அப்படியே திருப்பி ஏற்றச் சொன்னேன். அனுப்பியவன் தொலைபேசியில்: "அண்ணை, இந்த மாதம் மகளின்ர கலியாணம்." நான்: "உம்மட மகளை நல்லா வாழட்டும் எண்டு சொல்லும். மீன் திரும்பி வருது." பழைய வான் வண்டியில் தராசோடு வீடு வீடாகத் தட்டி விற்றவன் நான். ஸ்காபரோவில் அன்றைக்கு எனக்குக் கதவைச் சாத்தியவர்கள் யாரும் என் வீட்டு விசேசம் விசாரிக்கவில்லை.

ஆறு மணிக்கு வீடு. கராச் வழியாக உள்ளே. சறோ குசினியில், எனக்கு முதுகு. வெங்காயம் வெட்டுகிறாள். தொலைபேசி ஸ்பீக்கரில், மறுமுனையில் ஸ்ரௌவ்வில் பக்கம் இருக்கிற அவளின் தங்கச்சி. நான் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

சறோ: "கடைசி நாளடி. எனக்கு முழங்கால் ஏலாது, பாலத்தில குந்தியிட்டன். இவர் அந்த வழிகாட்டியையும் கூட்டிக்கொண்டு ஓடைக்கு மேல போயிட்டார். ஒரு பத்து நிமிசம் இருக்கும். ஒரு மண்ணிறக் குருவி, வாயில நார். எனக்கு முன்னால, உந்தக் கதவு தூரந்தான். சும்மா இருந்த குருவி தலையை விரிச்சுது பார்…"

தங்கச்சி: "உண்மையாவோ! அத்தானுக்குச் சொன்னனீயோ?"

"விசரே உனக்கு? எட்டு நாள் சேத்துக்க நிண்ட மனுசன். நான் குந்தின இடத்தில கண்டனான் எண்டு சொன்னால் பிளேனால தள்ளி விட்டிருப்பர்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். வயிறு பிடித்துச் சிரிக்கிற சிரிப்பு.

கையில் சப்பாத்து. குருவியைக் காணாதது அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தச் சிரிப்புத்தான்.

கதவைத் தட்டி மூடினேன். சறோ தொலைபேசியை வைத்தாள். "தேத்தண்ணி போடட்டோ?"

"போடும்."

மார்ச் 10, செவ்வாய்

பிளஸ் 3. மழைத் தூறல்.

யோசித்துப் பார்த்தேன். சரக்கு வீட்டிலேயே இருக்கிறது. நான் ஏன் கற்பனையில் அலைய வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு கொப்பியோடு மேசையில் இருந்தேன். "சறோ, வாரும். இரும். பாலத்தில என்ன கண்டனீர்?"

முகம் வெளுத்துவிட்டது. "ஆர் சொன்னது?"

"அதை விடும். முதலில இருந்து சொல்லும்."

நான் கத்தவில்லை என்று கண்டதும் மெல்லத் தொடங்கினாள். நான் எழுதினேன்:

1. நேரம்: காலை எட்டு அளவில். மழை விட்டு, இலை சொட்டிக்கொண்டிருந்தது.
2. கூடு: ஓடைக்கு மேலே தொங்கியது. ஓராள் கை நீளம். "குப்பை சிக்கின கயிறு எண்டு நினைச்சனான்."
3. குருவி வாயில் நார். கூட்டில் செருகிவிட்டுப் போகும், திரும்ப வரும். மூன்று தரம்.
4. பக்கவாட்டில் பார்த்தால் தலை சுத்தியல் மாதிரி. வால் கறுவாப்பட்டை நிறம்.
5. கொண்டை: மஞ்சள், கொஞ்சம் செம்மஞ்சள் சேர்ந்தது. நுனியில் நீலப் புள்ளி. குறுக்காக விரிந்தது.
6. வாயைத் திறந்து, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மெதுவாக ஆட்டியது. "உரு வந்த ஆக்கள் மாதிரி அப்பா, ஆனால் சத்தமே இல்லை."
7. எவ்வளவு நேரம்: "தெரியாது. மூச்சு விடேல்லை நான்."

ஆறாவதைச் சொல்லும்போது எழும்பி நின்றாள். பத்து விரலையும் தலைக்குப் பின்னால் விரித்து, வாயைத் திறந்து, தலையை ஆட்டிக் காட்டினாள். ஐம்பத்தெட்டு வயது, மூட்டு வலி, கையில் வெங்காய மணம். இந்த முகத்தை நான் கலியாணம் கட்டிய காலத்தில் ஒன்றிரண்டு தரம் பார்த்திருப்பேன்.

கொப்பியை மூடினேன். "நல்லது. சனிக்கிழமை இது என்ர கதை."

விரல்கள் இன்னும் தலைக்குப் பின்னால். மெதுவாக இறக்கினாள்.

"அப்ப நான்?"

"நீர் ஒண்டும் காணேல்லை."

மேசையில் கிடந்த அரிசி ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு, "சரி."

போகும்போது கதவடியில் நின்று: "நானும் வரட்டோ? ஒரு மூலையில இருந்து கேக்கிறன். நீங்கள் சொல்லேக்க."

"வாரும். ரோல்ஸ் தட்டுத் தூக்க ஆள் வேணும்."

மார்ச் 11, புதன்

பிளஸ் 1. ரெக்ஸ்டேல் கடைக்காரன் நெத்தலிப் பெட்டிகள் பற்றி முறைப்பாடு. 401 நெடுஞ்சாலையில் ஒன்றரை மணித்தியாலம். போய்ப் பார்த்தால் அவனுடைய பிரீசர் கதவு மூடுவதில்லை. அவனுடைய வாடிக்கையாளர்களுக்கு முன்னாலேயே கதவைத் திறந்து திறந்து மூடிக் காட்டினேன். மூன்று தரம். ஆள் கறுத்துப்போனான். திருப்தி.

பாலன் தொலைபேசி எடுத்தான். "அண்ணை, சனிக்கிழமை பார்ட்டி ரூம் புக் பண்ணியாச்சு. என்ர பில்டிங்தான், ரெண்டு மணி. இன்னொண்டு. அருள் அண்ணையும் வாறாராம்."

"ஆர், அருளோ? அவர் வாறதை விட்டிட்டாரே."

"நீங்கள் கண்ட செய்தியைக் கேட்டிட்டு அவராக் கேட்டவர்."

அருளப்பர். மன்னார் ஆள். முப்பது வருசம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், என்னிலும் ஐந்து வயது மூப்பு. டொக்டர் நடக்கச் சொன்னார் என்று ஒன்றாக நடக்கத் தொடங்கிய ஆட்கள் நாங்கள். முதன்முதல் தொலைநோக்கி கொண்டுவந்தவர் அவர்தான். புதுக் குருவி கண்டவர் ரோல்ஸ் வாங்க வேண்டும், கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும் என்ற வழக்கமும் அவர் வைத்ததுதான்.

போன ஆனி மாதம் றூஜ் ஆற்றங்கரைக் காட்டில் ஒரு ஈப்பிடிப்பானைக் கண்டதாகச் சொன்னார். பச்சை முதுகு, குளிர்காலத்தில் தெற்கே மழைக்காட்டுக்குப் போய்விடுகிற வகை. இங்கே வருவது குறைவு. மனைவி மேரியும் கூட இருந்தா.

நான் கேட்டேன். கண்ணைச் சுற்றி வளையம் என்ன நிறம்? கீழ்ச் சொண்டு என்ன நிறம்? சிறகில் கோடு எத்தனை? கூப்பிட்டதோ, எத்தனை தரம்? ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் அதையே வேறு மாதிரித் திருப்பிக் கேட்டேன். மீன்காரனிடம் செவுள் பார்க்கிற மாதிரி. கீழ்ச் சொண்டில் தடுமாறினார். முதலில் மஞ்சள், பிறகு கறுப்பு. அவ்வளவுதான், விட்டேனா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மேரி எழும்பி, "நானும் கண்டனான் தம்பி. மஞ்சள்தான்" என்றா.

நான்: "மனுசிமாரின்ர சாட்சி எடுத்தால் நாங்கள் எல்லாரும் றூஜ் ஆத்தில மயிலும் காணலாம் அக்கா."

அறை சிரித்து விழுந்தது. அன்றையிலிருந்து அது சட்டம்: மனுசி சாட்சி செல்லாது. அருள் அதற்குப் பிறகு வரவில்லை. மேரி ஐப்பசியில் போய்விட்டா. அப்போதே உடம்பில் வருத்தமாம், எங்களுக்குத் தெரியாது. செத்தவீட்டுக்கு நல்ல மாலையாகத்தான் கொண்டுபோனேன்.

அவர் கண்டிருக்கலாம். அன்றைக்கே எனக்குத் தெரியும், ஆள் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் அகப்பட்ட ஆளை விட எனக்கு வராது. விட்டிருந்தால் இன்றைக்கும் அந்த வான் வண்டியில்தான்.

வரட்டும்.

மார்ச் 12, வியாழன்

மறை 1. பல் குத்து. கராம்பு வைத்தேன்.

பின்னேரம் நிலக்கீழ் அறையில் ஒத்திகை. சறோ கதிரையில், நான் நின்று. பறவைப் புத்தகத்தையும் விரித்து வைத்தேன். ஒன்று கவனித்தேன்: புத்தகத்தில் பெரிய படம் சிவப்புக் கொண்டை. மஞ்சள் மூலையில், தபால் முத்திரை அளவில், கீழே ஏதோ பொடி எழுத்து. எல்லாரும் பார்த்திருப்பது சிவப்புத்தான். மஞ்சள் என்று சொன்னால் இரண்டாந்தரச் சரக்கு மாதிரி இருக்கும்.

"…அப்பிடியே விரிச்சுது, இரத்தச் சிவப்பு!" என்றேன்.

சறோ நிமிர்ந்தாள். "சிவப்போ?"

"சிவப்பு."

"சிவப்பு உங்களுக்கு ஆர் சொன்னது?"

ஒரு மாதிரியான பார்வை. பயந்த பார்வை. எதையோ களவு கொடுத்தவளின் முகம். இதில் பயப்பட என்ன இருக்கிறது?

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் போட்டனான். சிவப்புக்குத்தான் மதிப்பு."

மூச்சு விட்டாள். "நான் உங்களுக்குச் சொன்னது மஞ்சள்."

"நீர் சொன்னது உமக்கு. சனிக்கிழமை சிவப்பு."

"உங்கட விருப்பம். ஆனால் நாரும் கூடும் எண்டால் மஞ்சளையே சொல்லுங்கோ அப்பா. நான் சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ."

"எனக்கு விக்கப் படிப்பிக்க வேண்டாம்."

மேலே போய்விட்டாள். நான் இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். சிவப்பு நன்றாக நிற்கிறது.

மார்ச் 13, வெள்ளி

ஐஸ் மழை. மரமெல்லாம் கண்ணாடி. இரண்டு ட்றக் வரவில்லை. பல் பரவாயில்லை.

ரோல்ஸ் கடைக்கு மறுபடி சொன்னேன்: உறைப்பு குறையக்கூடாது, மத்தியானம் பொரித்ததாக இருக்க வேண்டும், காலையில் பொரித்ததைத் தந்தால் தட்டோடு திரும்பி வரும்.

சறோ அறையில் கட்டிலில் ஒரு சேலையை விரித்து வைத்திருந்தாள். மஞ்சள், நீலக் கரை. நான் பார்த்தேன்.

"ரோல்ஸ் தூக்க உது எதுக்கு?"

மடித்து உள்ளே வைத்தாள். மூலை மூலையாகப் பிடித்து, நிறைய நேரம் எடுத்து மடித்தாள்.

மார்ச் 14, சனி

காலை மறை 3, பிறகு வெயில். ஐஸ் எல்லாம் சொட்டு.

பார்ட்டி ரூம் பதினேழாவது மாடி. யன்னலால் ஸ்காபரோ முழுக்கத் தெரிந்தது, பிளாசாக் கூரைகள், தூரத்தில் ஏரி. எட்டுக் கதிரை, ஒரு நீள மேசை. சறோ கறுப்புக் கோட்டைக் கழற்றாமல் ரோல்ஸ் தட்டோடு சுவரடியில் நின்றாள். அருள் கடைசியாக வந்தார். மெலிந்துவிட்டார். "என்ன தவம், சுகமோ?" என்றார். "வாங்கோ அண்ணை, உங்களைக் காண எவ்வளவு காலம்" என்றேன். இரண்டு பேரும் கை கொடுத்தோம்.

நன்றாகச் சொன்னேன். மழை விட்ட காலை. சொட்டுகிற இலை. குப்பைக் கயிறு மாதிரித் தொங்குகிற கூடு. கறுவா நிற வால். நார் கொண்டுவந்து கூட்டில் செருகுவது. இரத்தச் சிவப்பு விசிறி. வாய் திறந்து ஆட்டிய தலை. நான் ஆட்டியே காட்டினேன். பாலன் வாயில் வைத்த ரோல்ஸைக் கடிக்க மறந்துவிட்டான். சுவரடியில் சறோவின் உதடு என்னோடு சேர்ந்து அசைந்தது. "சிவப்பு" வந்த இடத்தில் மட்டும் நின்றது.

கைதட்டு. கேள்விகள். சின்னச் சின்னக் கேள்வி, எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

பிறகு அருள். "தவம், எனக்கும் ஒரு சின்னக் கேள்வி."

"கேளுங்கோ அண்ணை."

"நார் கொண்டுவந்து கூட்டில வைச்சது… அந்தச் சிவப்புக் கொண்டைக் குருவிதானோ?"

"ஓம். அதேதான். என்ர ரெண்டு கண்ணால."

"வேற குருவி ஒண்டும் பக்கத்தில இல்லையோ? நல்லா யோசிச்சுச் சொல்லும்."

"இல்லை அண்ணை. ஒண்டே ஒண்டு."

"கொண்டை விரிச்சதும் அதுதான், கூடு கட்டினதும் அதுதான்."

"அதுதான் எண்டு சொல்லுறன்."

நான் ஆனி மாதம் அவரிடம் கேட்ட மாதிரியே. ஒவ்வொரு கதவாகச் சாத்தி. நான் கடைசிக் கதவு சாத்தும்வரை கவனிக்கவில்லை.

அருள் குரல் உயர்த்தவில்லை. "இந்த வகையில கூடு கட்டுறது பொம்பிளைக் குருவி மட்டும் எண்டு வாசிச்சனான். ஆண் நார் தூக்காது. பொம்பிளைக்குக் கொண்டை மஞ்சள். சிவப்பு ஆணுக்கு. அதுதான் கேட்டனான்."

பாலன் தொலைபேசியை எடுத்துத் தட்டினான். "ஓம் அண்ணை… அப்பிடித்தான் கிடக்கு."

குளிர்பெட்டி மட்டும் உறுமியது. எட்டுச் சோடிக் கண். முதுகில் வியர்வை, மழைக்காட்டில் நின்ற மாதிரி. எல்லாம் ஒரு மூச்சு நேரம். அதற்குள் எனக்கு வழி தெரிந்துவிட்டது.

சிரித்தேன். சுவரைக் காட்டினேன்.

"உதுதான் பொம்பிளைப் பேச்சுக் கேட்டால் வாற வினை. நான் கண்டது சிவப்பு. கூடு நான் காணேல்லை. இவள் பாலத்தில குந்திக்கொண்டிருந்து என்னத்தையோ கண்டிட்டு வந்து, நார், கூடு எண்டு ஒரே புலம்பல். பாவம், முழங்காலோட வந்தவள், அவளின்ரயையும் சேர்த்துச் சொல்லுவம் எண்டு சொன்னன். ஆக்களே, மன்னிக்கவேணும். கூட்டை வெட்டி விடுங்கோ."

பிறகு பாலன்: "அப்ப மனுசி சாட்சி?"

"செல்லாது!" என்றார்கள் எல்லாரும் சேர்ந்து. மேசையைத் தட்டிச் சிரிப்பு. ஒருவன் சறோவைப் பார்த்து, "அக்கா, சிட்டுக்குருவி நார் தூக்கினதைக் கண்டிருப்பா!" என்றான். இன்னும் சிரிப்பு. நான்தான் உரக்கச் சிரித்தேன்.

அருள் சிரிக்கவில்லை. கதிரையைத் திருப்பி அவளைப் பார்த்தார். "தங்கச்சி. நீங்கள் கண்டனீங்களோ?"

சறோ என்னைப் பார்த்தாள். நான் பார்வையை எடுக்கவில்லை.

"இல்லை அண்ணை," என்றாள். "எனக்குக் கால் நோ. நான் குனிஞ்சு காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான்." தட்டை நீட்டினாள். "ரோல்ஸ் எடுங்கோ. ஆறப்போகுது."

அருள் ஒன்று எடுத்தார். கடிக்கவில்லை. கடதாசியில் சுற்றிக் கோட்டுப் பையில் வைத்தார்.

பட்டியலில் என் பெயருக்கு நேரே ஏறிவிட்டது. அரச ஈப்பிடிப்பான், ஆண், சிவப்பு. குழுவில் முதல் ஆள்.

வரும்போது காரில் சறோ வெறும் ரோல்ஸ் தட்டை மடியில் வைத்திருந்தாள். எக்ளின்ரன் சந்தியில் சிவப்பு விளக்கு, நீண்ட நேரம். "ரோல்ஸ் நல்லா இருந்தது என்ன?" என்றேன். "நான் தின்னேல்லை" என்றாள்.

மார்ச் 15, ஞாயிறு

பிளஸ் 4. பக்கத்து வீட்டுக்காரனின் பனிக் குவியல் உருகி என் கராச் வாசலில் குளம்.

சறோ சமைத்தாள், உடுப்புத் தோய்த்தாள், தங்கச்சியோடு கதைத்தாள். கோபம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. தேத்தண்ணியில் சீனி சரி. குழுவில் இன்னும் வாழ்த்து வந்துகொண்டிருக்கிறது. இரண்டு தரம் எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் தரம் பார்க்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

மறை 5, மறுபடி பனி.

குளிர் அறையில் பாரை மீன் எண்ணும்போது யோசனை. ஏழு கேள்வி கேட்டேன். எட்டாவது கேட்கவில்லை: விரித்த கொண்டையை அது எப்படி மடித்தது? டக்கென்றா, மெதுவாகவா? எந்தப் பக்கம் பறந்தது? யாரும் இனிக் கேட்கப்போவதில்லை. எனக்குத்தான் தெரிய வேண்டும் போல இருந்தது. முன்னிரவில் கண்ணை மூடினால் பாலமும் ஓடையும் வருகிறது, அவள் சொன்னபடியே வருகிறது, விரிக்கிறது, அதோடு நிற்கிறது.

சாப்பிடும்போது கேட்டேன். "சறோ, அந்தக் குருவி கடைசியில என்ன செய்தது?"

கறியைப் போட்டுக்கொண்டே, "எந்தக் குருவி?"

"பாலத்தில கண்டது."

"நான் ஒண்டும் காணேல்லையே அப்பா." முகத்தில் ஒன்றும் இல்லை. நான் முப்பது வருசம் ஆட்களின் முகம் பார்த்துச் சரக்கு எடுத்தவன். ஒன்றும் இல்லை. "இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டோ?"

மார்ச் 19, வியாழன்

மறை 2. வெயில்.

வாசிக்கிற கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன். பதினொரு மணிக்குத் திரும்பப் போனேன். கராச் வழியாக. சப்பாத்துக் கழற்றினேன்.

சறோ உடுப்பு மடிக்கிற அறையில். தொலைபேசி தோளுக்கும் காதுக்கும் நடுவில். கதவு அரைவாசி.

"ஓம் அருளண்ணை… இல்லை, இல்லை, நீங்கள் ஏன் மன்னிப்புக் கேக்கிறியள்… மேரியக்கா அண்டைக்குச் சொன்னதை நான் நம்பினனான் அண்ணை. இவர் வந்து சிரிச்சுச் சொல்லேக்கையே நம்பினனான்… ஓம். கண்டனான்."

நான் மூச்சு விடவில்லை.

"இல்லை அண்ணை, ஒண்டில்லை. ரெண்டு. முதல் வந்தது மஞ்சள், அதுதான் நார் கொண்டுவந்தது. அது தலையை விரிச்சு ஆட்டிக்கொண்டிருக்க, மேல் கொப்பால மற்றது இறங்கிச்சுது. அது சிவப்பு. என்ன சிவப்பு அண்ணை! ரெண்டும் முகத்துக்கு முகம், விரிச்சபடி… ஓம்… ஓம், மெதுவாத்தான் மடிச்சது. முதல் சிவப்பு மடிச்சது. மஞ்சள் கொஞ்சம் பொறுத்து."

அந்தப் பக்கம் அவர் ஏதோ கேட்டார்.

"அவருக்கோ? இல்லை. மஞ்சளை மட்டுந்தான் குடுத்தனான். கொப்பியோட வந்து இருந்தவர், கேட்டதுக்குச் சொன்னனான். மற்றதை எனக்கெண்டு வைச்சிட்டன்." பிறகு அந்தச் சிரிப்பு, வயிறு பிடித்துச் சிரிக்கிற சிரிப்பு. "அவர் தானாச் சிவப்பெண்டு சொல்ல எனக்கு நெஞ்சு நிண்டிட்டுது அண்ணை. கண்டுபிடிச்சிட்டாராக்கும் எண்டு!"

ஒரு கையில் துவாய் இருந்தது போலும். சொல்லும்போது அது தலைக்குப் பின்னால் விரிந்ததைச் சுவரில் நிழலாகப் பார்த்தேன்.

காலில் சப்பாத்தை மாட்டினேன். நாடா கட்டவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

கண்ணாடி எடுக்கவில்லை. இதைக் குளிர் அறைக்குள் பெட்டி மேல் வைத்து எழுதுகிறேன், எழுத்து எனக்கே தெரியவில்லை. வேறு குருவி பக்கத்தில் இல்லையோ என்று அந்த மனுசன் கேட்டார். நல்லா யோசிச்சுச் சொல்லும் என்றும் சொன்னார். ஒண்டே ஒண்டு என்றேன்.

மூன்று மணிக்கு விளைமீன் வருகிறது. கீழ் வரிசை பார்க்க வேண்டும். குளிரில் பேனை மை இறுகுகி—